கரண்ட் போன பதினோரு நிமிஷம்

போச்சு. கரண்ட் போச்சு. நிரூபனின் கித்தார் பாதிக் கத்தலில் அறுந்து நின்றது. பாடுகிறவன் வாயைத் திறந்தபடியே இருக்கிறான். ஸ்பீக்கர் வழியாக உறுமலாகப் போய்க்கொண்டிருந்த குரல் இப்போது வெறும் இருமலாகக் கேட்கிறது. மேடையின் இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு அடுக்கிய ஸ்பீக்கர்கள் சும்மா கறுப்புப் பெட்டிகள் ஆகிவிட்டன. என் கை மட்டும் போய்க்கொண்டிருக்கிறது. கைக்கு இன்னும் தகவல் போய்ச் சேரவில்லை. டிரம்ஸுக்குக் கரண்ட் வேண்டாம் பெர்னதெத், உனக்கு மட்டும் கரண்ட் வேண்டாம். எதிரே பள்ளிக்கூடக் கட்டிடத்தின் நெற்றியில் பெரிய கடிகாரம், நாலு பத்து. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு பத்துக்கு, அயனாவரத்தில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில், அறுநூறு பேருக்கு முன்னால் நான் தனியாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். தனியாக. அந்த வார்த்தை வந்ததும் வலது மணிக்கட்டில் ஒரு குளிர். நிரூபன் திரும்பி, கழுத்தை விரலால் அறுப்பதுபோலக் காட்டுகிறான். நிறுத்து. நிறுத்தத்தான் போகிறேன். இந்தச் சுற்று முடியட்டும், நடுவில் விட்டால் மாடிப்படியில் கால் தவறின மாதிரி ஆகிவிடும். முடிந்தது. சரி, இன்னும் ஒரு சுற்று. ஏன் நிறுத்தவில்லை நீ? கரண்ட் போனால் எல்லோரும்தான் நிறுத்துவார்கள், யார் என்ன சொல்லப்போகிறார்கள், எழுந்து தண்ணீர் குடி, துண்டால் முகத்தைத் துடை. பக்கத்தில் நிகழ்ச்சி ஏற்பாடு செய்த மோசஸ் மேடைப் படியில் ஏறி, இரண்டு கையையும் வாய்க்குக் குவித்து, "ஜெனரேட்டரும் ஸ்டார்ட் ஆவலபா! பத்து நிமிஷம்!" என்று கத்துகிறான். பத்து நிமிஷம். பத்து நிமிஷத்தில் பாதிக் கூட்டம் அயனாவரம் சிக்னலைத் தாண்டியிருக்கும்.

ஆனா. மத்தியானத்திலிருந்து அந்த ஒரு வார்த்தை காதில் நிற்கிறது. மேடைக்கு வருகிறவர்கள் தங்குவதற்கென்று எட்டாம் வகுப்பு 'பி' பிரிவைத் திறந்துவிட்டிருந்தார்கள். கரும்பலகையில் யாரோ வரைந்த மண்புழு. சின்ன பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்துகொண்டு நிரூபன் சொன்னான்: "அக்கா, அடுத்த மாசம் ரெக்கார்டிங். அதுக்குப் பெங்களூர்ல இருந்து ஒரு பையனைக் கூப்ட்டிருக்கோம். நீங்க டைம் சூப்பரா வைப்பீங்க, அதுல ஒண்ணுமே சொல்ல முடியாது. ஆனா..." அப்புறம் பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தான். குடித்துக்கொண்டே இருந்தான். ஆனாவுக்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. நான், "சரிப்பா, நல்லா பண்ணுங்க," என்றேன். இருபத்தாறு வயசு அவனுக்கு. இந்த மெட்டல் குழுவுக்கு இடிதாங்கி என்று அவன் பெயர் வைத்தபோது சிரிப்பு வந்தது, இருந்தாலும் கூப்பிட்டதும் போனேன், ஆறு வருஷம் ஆயிற்று. கூப்பிட்டால் போவேன். இந்த ஊரில் கித்தார்காரர்கள் தெருவுக்கு நாலு பேர், டிரம்ஸ்தான் கிடைக்காது, வீட்டில் வைக்க இடம் கிடையாது, பக்கத்து வீட்டுக்காரர்கள் விடமாட்டார்கள். அதனால் ராக்கில் எந்த வகை என்றாலும் நான்தான், மெட்டலுக்கும் நான், ப்ளூஸுக்கும் நான், பங்க்குக்கும் நான். இன்றைக்கு இந்த மேடையில் மூன்று குழு, மூன்றுக்கும் பின்னால் ஒரே ஆள். சுவரொட்டியில் எல்லோர் முகமும் இருக்கிறது, என் முகம் இல்லை. கேட்டதற்கு, அதை வரைந்த பெண், "ஒரே ஆள் மூணு தடவை வந்தா நல்லா இருக்காதுல்ல ஆன்ட்டி," என்றாள். அதனால் ஒரு தடவைகூடப் போடவில்லை. நான் அதற்கும் சரி என்றேன். சரி சரி சரி. இப்போது கை என்ன வாசிக்கிறது? அதே மெட்டல் தாளம், இரண்டு காலும் பெடலில் தடதடவென்று, ஆனால் மைக் இல்லாமல் இது வெறும் தகர ஷெட் மேல் மழை. முன்வரிசையில் கறுப்புச் சட்டைப் பையன்கள் முதுகைக் காட்டத் தொடங்கிவிட்டார்கள். ஒருவன் போனை எடுத்துவிட்டான். நாலு பதினொன்று.

பத்தொன்பது வயசில் நடந்தது. அதை நினைக்காதே. நினைக்காதே என்றால் அதுதான் வரும், முதலில் அந்தக் கல்லூரி அரங்கத்தின் ஃபினாயில் வாசனை, பிறகு தலைக்கு மேல் மஞ்சள் லைட், பிறகு மைக்கில் ஸ்டான்லியின் குரல், "டிரம்ஸ், பெர்னதெத்!" என்று. மாதா கோயில் பாடகர் குழுவில் வாசித்துக்கொண்டிருந்தவளை இழுத்துப் போட்டிக்குக் கூட்டிப்போனவன் அவன். எல்லா வாத்தியமும் ஒதுங்கிக்கொண்டது. உனக்கான நேரம், வாசி. நான் கையைப் பார்த்தேன். எதை அடிப்பது என்று தெரியாமல் இல்லை, எதை வேண்டுமானாலும் அடிக்கலாம் என்பதுதான் பயம். அதுவரைக்கும் யாராவது முன்னால் போவார்கள், நான் பின்னால் கால் எடுத்து வைப்பேன். முன்னால் யாருமே இல்லையென்றால் எந்தப் பக்கம் போவது? ஒரு நொடி, இரண்டு நொடி, ஐந்து நொடி, அரங்கத்தில் ஒருவன், "தூங்கிட்டாடா!" என்றான், சிரிப்பு அலையாக வந்து மேடையில் மோதியது, ஸ்டான்லி அவசரமாகப் பாட்டை ஆரம்பித்துவிட்டான். அன்றைக்குத் திரும்பி வரும்போது பஸ் ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு தீர்மானம் செய்தேன். அதிலிருந்து இருபத்திரண்டு வருஷமாக எந்தக் குழு கூப்பிட்டாலும் முதலிலேயே சொல்லிவிடுவேன், வர்றேன், ஆனால் தனியாக வாசிக்கச் சொல்லக் கூடாது. எல்லோருக்கும் சந்தோஷம்தான், அவர்களுக்கு நேரம் மிச்சம். தனி வாசிப்பே வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்தவள் நீ, இப்போது பார், ஊரே ஒதுங்கிக்கொண்டது, மின்சாரமே ஒதுங்கிக்கொண்டது. இப்போது நிறுத்தினால் அது கரண்ட் போனதால் நிறுத்தியதாகத்தான் இருக்கும். யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். அய்யோ, எனக்குத் தெரியுமே. இன்னும் நாலு சுற்று, அவ்வளவுதான், நாலு சுற்று வாசித்துவிட்டு நிறுத்துகிறேன்.

பலமாக அடி. வேறு வழியில்லை, மைதானத்தின் கடைசி வரைக்கும் போக வேண்டுமென்றால் மணிக்கட்டிலிருந்து வர வேண்டும். வரும். ராயபுரம் வீட்டில் டிரம்ஸ் கிடையாது, கட்டிலில் தலையணையை அடுக்கித்தான் பயிற்சி. பக்கத்துப் போர்ஷனில் கைக்குழந்தை, மேலே ராத்திரி ஷிஃப்ட் முடிந்து பகலில் தூங்குகிறவர். தலையணையில் அடித்தால் குச்சி தானாகத் திரும்பி எழாது, ஒவ்வொரு தடவையும் நாம்தான் தூக்க வேண்டும். இருபத்திரண்டு வருஷம் தூக்கியிருக்கிறேன். இந்த மணிக்கட்டு பெங்களூர்ப் பையனுக்கு இருக்குமா? விடு, அந்தப் பையன் என்ன பண்ணினான் பாவம். கால்களைக் குறை, இரண்டு காலும் வேண்டாம், ஒரு கால் போதும். தாளம் மெதுவாகிறது. மெதுவானதும் நடுவில் இடம் கிடைக்கிறது. அந்த இடத்தில் என்ன வைப்பது? மைதானத்தின் பின்பக்கம், சாமியானா நிழலில், பிளாஸ்டிக் நாற்காலிகளில் பெரம்பூர் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், டெரில் அங்கிளுடைய ப்ளூஸ் கேட்க வந்தவர்கள். பாதிப் பேர் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள், அங்கிளைப் போல. மெட்டல் ஆரம்பித்ததும் காதில் பஞ்சு வைத்துக்கொண்டார்கள், நான் பார்த்தேன். அவர்களும் எழுந்திருக்கிறார்கள், ஒரு அம்மா செருப்பைத் தேடுகிறாள். அவர்களுக்குத் தெரிந்த நடை ஒன்று என் கையில் இருக்கிறது, அங்கிளுடைய ரயில் பாட்டு நடை. தடக்-க-தடக்-க, தண்டவாளத்தில் வண்டி போகிற மாதிரி, அவசரமில்லாமல், ஆனால் நிற்காமல். மாற்று. மெட்டலிலிருந்து அதற்கு எப்படிப் போவது, நடுவில் பாலம் இல்லையே, யாரும் செய்ததில்லையே. குதி. குதித்துவிட்டேன். தடக்-க-தடக்-க. செருப்பைத் தேடின அம்மா நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு பேர் உட்கார்ந்தார்கள். யாரோ ஒருவர் கையைத் தட்டினார், சரியாக இரண்டாவது அடியிலும் நாலாவது அடியிலும். பெரம்பூர்க்காரர்கள் தவறாகத் தட்டவே மாட்டார்கள். நாலு பதின்மூன்று. நாலு சுற்று முடிந்து எவ்வளவோ நேரம் ஆகிவிட்டது.

முன்னால் இருக்கிற பையன்கள் சிரிக்கிறார்கள். இது என்ன கல்யாண ஊர்வலமா என்கிற சிரிப்பு. ஒருவன் வாயசைப்பது தெரிகிறது. தூங்கிட்டாடா என்றுதான் சொல்கிறானோ? அவன் பிறந்தே இருக்கமாட்டான் அப்போது. ஆனாலும் எனக்கு அப்படித்தான் கேட்கிறது. பின்னால் கைத்தட்டல், முன்னால் சிரிப்பு, நடுவில் ஒரு பொட்டல். அந்தப் பொட்டலில் பிள்ளைகள் நாற்பது ஐம்பது பேர் தரையிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள், கிழிந்த ஜீன்ஸ், பச்சை முடி, கையில் ஐஸ். அவர்கள் ரிஸ்வானாவின் ஆட்கள். திருவல்லிக்கேணிக்காரி, 'நோ பார்க்கிங்' என்று மூன்று பேர் பங்க் குழு, இவள் பேஸ் கித்தாரும் வாசிப்பாள், தொண்டை கிழியக் கத்தியும் பாடுவாள், ஒவ்வொரு பாட்டும் ஒன்றரை நிமிஷம், வீட்டு ஓனர் மேல் ஒரு பாட்டு, தண்ணி லாரி மேல் ஒரு பாட்டு. மூன்று கூட்டமும் ஒன்றை ஒன்று கண்டுகொள்வதில்லை. மெட்டல் பையன்களுக்கு ப்ளூஸ் கிழவர்கள் சமாச்சாரம், பங்க்குக்கு மெட்டல் என்றால் முடியை ஆட்டுகிறவர்கள், அங்கிளுக்கு மற்ற இரண்டுமே நாய்ஸ், வெறும் இரைச்சல். எனக்கு மட்டும்தான் மூன்றும் ஒரே வீட்டு மூன்று அறை. விளக்கு அணைந்தாலும் சுவரைத் தடவாமல் போவேன். போ அப்படியானால். தண்டவாள நடையைக் கெட்டியாகப் பிடி, வேகம் ஏற்று, இன்னும், இன்னும், வண்டி பேசின் பிரிட்ஜைத் தாண்டுகிறது, ஏற்று, தடக்கில் இருக்கிற க உதிர்ந்து போகிறது, வெறும் தட் தட் தட் தட், பங்க் வந்துவிட்டது! ஒரு தையல்கூட இல்லாமல் வந்துவிட்டது! தரையில் இருந்த பிள்ளைகள் ஐஸைத் தூக்கிப் போட்டுவிட்டு எழுந்து குதிக்கிறார்கள், புழுதி கிளம்புகிறது. எனக்குள் ஏதோ கிளம்புகிறது. பயம்தானா அது? பயம் மாதிரியே இருக்கிறது, அதே இடத்தில் இருந்துதான் வருகிறது, ஆனால் சூடாக இருக்கிறது.

வலது கையில் குச்சி இல்லை. பிளந்து பறந்துவிட்டது, சிம்பலில் பட்டு மேடை ஓரத்துக்குப் போய் விழுந்தது. மாற்றுக் குச்சிகள் பை பின்னால் கிடக்கிறது, எட்டாது. இதோ, இதுதான் அது. ஐந்து நொடி. கையைப் பார்க்காதே. பார்த்தால் முடிந்தது. கையைப் பார்க்காதே பெர்னி, கடிகாரத்தைப் பார், நாலு பதினாறு, கால் இருக்கிறது, இடது கை இருக்கிறது, கால் போதும், டும், டும், டும், டும். மற்றதை எல்லாம் விட்டுவிட்டேன். காலையும் நிறுத்தினேன். வேண்டுமென்றேதான் நிறுத்தினேன். எங்கிருந்து வந்த தைரியம் தெரியவில்லை. வெறும் கையை மேலே தூக்கிப் பிடித்தேன். புரசைவாக்கத்தில் ஸ்கேன் சென்டரில் எனக்கு எக்ஸ்ரே எடுக்கிற வேலை, ஒரு நாளைக்கு நாற்பது பேருக்குச் சொல்கிறேன், மூச்சை நல்லா இழுங்க, அப்படியே பிடிங்க. சொன்னதும் பிடிப்பார்கள், யாராக இருந்தாலும், போலீஸ்காரராக இருந்தாலும். அந்த இரண்டு நொடியில் அந்த ஆள் முழுக்க என்னிடம் இருப்பார். அறுநூறு பேரும் பிடித்தார்கள். ஒரு சத்தம் இல்லை. வெளியே ரோட்டில் ஆட்டோ ஹாரன் கேட்டது, எங்கேயோ குழாயில் தண்ணீர் சொட்டியது. ஒன், டூ, த்ரீ. இது உறைந்துபோனது இல்லை, இது நான் வைத்த அமைதி. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஃபோர். இறக்கினேன், வெறும் உள்ளங்கையால் டிரம் தோலில் ஒரே அறை. கூட்டம் மூச்சை விட்ட சத்தம் கூரை பிய்ந்த மாதிரி வந்தது. "அக்கா!" பக்கத்தில் ரிஸ்வானா. மேடைக்குப் பின்னாலிருந்து ஓடி வந்து, பையைத் திறந்து புதுக் குச்சியை என் விரல்களுக்கு நடுவில் செருகினாள். "அக்கா, இன்னா பண்றீங்க நீங்க! நிறுத்தவே நிறுத்தாதீங்க!" என்று கத்திவிட்டு, போகாமல் அங்கேயே நின்று கைத்தட்டத் தொடங்கினாள்.

மறுபடி இரண்டு காலும். முதலில் தகர ஷெட் மழையாக இருந்த அதே மெட்டல் தாளம்தான், ஆனால் இப்போது அதன் மேல் தண்டவாள நடை ஏறி உட்கார்ந்திருக்கிறது, அதற்கு மேலே பங்க்கின் கைக்குத்து. இதற்குப் பெயர் இருக்கிறதா? இந்த ஊரில் யாரும் இதை வாசித்துக் கேட்டதில்லை நான். கூட்டம் தட்டுகிறது, எல்லாக் கூட்டமும், ஆனால் கூட்டம் என்றால் எப்போதும் முன்னால் ஓடும், கையெல்லாம் அவசரப்படும். ஓடவிடவில்லை. வாங்க, இங்கே வாங்க, என்னோடு வாங்க என்று இழுத்துப் பிடிக்கிறேன், ஸ்நேர் டிரம்மில் ஒவ்வொரு அடியும் ஒரு ஆணி. வந்துவிட்டார்கள். அறுநூறு ஜோடிக் கை, ஒரே அடி. டைம் வைப்பது என்றால் இதுதான் தம்பி. நீங்க டைம் சூப்பரா வைப்பீங்க, ஆனா. ஆனாவுக்குப் பின்னால் என்ன வரவேண்டும் என்று மத்தியானத்திலிருந்து நானே அவனுக்குப் பதிலாக எழுதி எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தேன், வயசாயிடுச்சு, புதுசா ஒண்ணும் இல்லை, பொம்பளை, முகம் கிடையாது. இப்போது அந்த வரியைத் தேடினால் கிடைக்கவில்லை. அவன் என்னைப் பார்க்கிறான், நிரூபன், மேடை ஓரத்தில் ஊமைக் கித்தாரைத் தொங்கவிட்டுக்கொண்டு. வாய் கொஞ்சம் திறந்திருக்கிறது. தலை தானாக ஆடுகிறது, அவனுக்கே தெரியாமல். கிட்டே வந்தான். "அக்கா, அந்த ரெக்கார்டிங் பத்தி..." என்றான். "அப்புறம் பேசு," என்றேன். "மத்தியானம் தப்பா சொல்லிட்டேன்க்கா, நீங்கதான்..." "வேணுமா வேணாமான்னு நான் யோசிச்சுச் சொல்றேன். தள்ளி நில்லு, சிம்பல் படும்." நானா சொன்னேன் அதை? நான்தான். வாசித்துக்கொண்டே சொன்னேன், ஒரு அடிகூடப் பிசகவில்லை. சரி என்று சொல்லாமல் ஒரு வாக்கியம் பேசிவிட்டேன். தொடை எரிகிறது, கெண்டைக்கால் கல்லாகிவிட்டது, வியர்வை கண்ணுக்குள் போய் மைதானம் முழுக்கக் கலங்கித் தெரிகிறது, கறுப்புச் சட்டையும் பச்சை முடியும் வெள்ளைத் தலையும் ஒன்றோடொன்று கலந்து, சாமியானாவிலிருந்து அந்த அம்மா வெயிலுக்கே வந்துவிட்டாள், செருப்பு இல்லாமல், ஒரு கறுப்புச் சட்டைப் பையனுக்குக் கை எங்கே விழ வேண்டும் என்று காட்டிக்கொடுக்கிறாள், அவன் கற்றுக்கொண்டு தட்டுகிறான். யாரும் கேட்டுக்குப் போகவில்லை. கேட்டிலிருந்து திரும்பி வருகிறார்கள்! ரோட்டில் போனவர்கள்கூட மதில் மேல் ஏறி நிற்கிறார்கள்.

நாலு இருபத்தொன்று. மேடைக்குப் பின்னால் ஜெனரேட்டர் இருமியது, செத்தது, இருமியது, பிடித்துக்கொண்டது. ஸ்பீக்கர்களில் உம்மென்று ஒரு சத்தம் ஏறியது. அய்யோ, வந்துவிட்டதா அதற்குள். முதல் தடவையாகக் கரண்ட் வந்ததற்கு வருத்தப்பட்டேன். நிரூபன் கித்தாரின் திருகில் கை வைத்தான். ரிஸ்வானா யாரையும் கேட்கவில்லை, இடிதாங்கிப் பையனிடமிருந்து பேஸ் கித்தாரைப் பிடுங்கித் தோளில் மாட்டிக்கொண்டாள். படியில் டெரில் அங்கிள் ஏறி வருகிறார், அறுபத்தேழு வயசு, வெள்ளைச் சட்டை இன்னும் கசங்கவில்லை, கித்தாரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. "வாட் ஆர் யூ டூயிங் டு மை ட்ரெய்ன், கேர்ள்?" என்று என் பக்கம் குனிந்து கேட்டார், கண்ணெல்லாம் தண்ணீர். "நிக்காம போவுது அங்கிள், ஏறிக்கோங்க," என்றேன். மூன்று பேரும் வயரைச் செருகினார்கள். "என்ன பாட்டுக்கா?" என்றான் நிரூபன். "பாட்டு எதுவும் இல்லை." "அப்ப எப்ப ஆரம்பிக்கிறது?" "நான் சொல்றப்போ." டிரம்ஸ் மைக்குக்கு உயிர் வந்துவிட்டது, நான் சொன்னது மைதானம் முழுக்கக் கேட்டுவிட்டது, அறுநூறு பேரும் ஓவென்று கத்தினார்கள்.

அப்போது ஒன்றைப் பார்த்தேன். இந்த ஊரில் ராக் வாசிக்கிற எல்லோருடைய முதுகும் எனக்கு மனப்பாடம். யார் சட்டை எந்த இடத்தில் முதலில் நனையும், யார் பயந்தால் தோள்பட்டை ஏறும், எல்லாம் தெரியும். டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்தால் முதுகுதான் தெரியும், முகம் கூட்டத்துக்கு. இப்போது மூன்று பேரும் கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு என்னைப் பார்த்து நிற்கிறார்கள். நிரூபனுக்கு வாசிக்கும் முன்பு உதட்டைக் கடிக்கிற பழக்கம் இருக்கிறது. ரிஸ்வானா கண்ணை மூடி ஏதோ முணுமுணுக்கிறாள். அங்கிளுக்குக் கன்னத்தில் ஒரு குழி விழுகிறது, பதினாலு வருஷமாக அவரோடு வாசிக்கிறேன், எனக்குத் தெரியாது. தந்திகளுக்கு மேல் கையை நிறுத்திவைத்துக் காத்திருக்கிறார்கள், என் தலையசைப்புக்காக. காத்திருக்கட்டும். இந்த முகங்களை இன்னும் கொஞ்சம் பார்த்துக்கொள்கிறேன். ஒரு சுற்று முழுசாகத் தனியாக வாசித்தேன், ஒவ்வொரு அடியும் நான் நினைத்த இடத்தில் விழுந்தது. பிறகு தலையை அசைத்தேன். மூன்று கித்தாரும் ஒரே நேரத்தில் உள்ளே வந்தன.